டிவிக்குள் டியூனர் இருக்கிறது, பெட்டி எதற்கு?

தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் செயலாளருக்கும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவருக்கும்,

வணக்கம். வடசென்னையில் முப்பது வருடமாக டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். கடையின் மாடிப்படிக்கு அடியில் ஒரு அரிசிச் சாக்கு கிடக்கிறது. அதில் நாற்பதுக்கு மேல் செட்டாப் பாக்ஸ்கள். பாதிக்கு மேல் கெட்டுப்போகாதவை. வீடு மாறியவர்களும், கேபிள்காரரை மாற்றியவர்களும், டிஷ்ஷிலிருந்து கேபிளுக்குத் தாவியவர்களும், "வச்சுக்கோங்கண்ணே, ஸ்பேருக்கு ஆகும்" என்று போட்டுவிட்டுப் போனவை. அடாப்டரைச் செருகினால் விளக்கு எரியும், ரிமோட்டுக்கும் அசையும். ஆனால் ஒரு கம்பெனியின் பெட்டியை இன்னொரு கம்பெனியின் வயரில் மாட்டினால் சேனல் பெயர்கள்கூடச் சில சமயம் வரிசையாக வந்து நிற்கும், படம் மட்டும் வராது. ஸ்பேருக்கும் அவ்வளவாக ஆகாது. அடாப்டரைக் கழற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் 43 இன்ச் டிவி வாங்கினார். சேனல் பிடிக்கும் டிஜிட்டல் டியூனர் உள்ளேயே இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை, இருக்கிறது. அதை நம்பி அவர் கேபிள் வயரை நேராக டிவியின் முதுகில் திருகிவிட்டு ஆட்டோ ஸ்கேன் போட்டிருக்கிறார். கால் மணி நேரம் ஓடி, டிவி வரிசையாகச் சேனல்களைப் பிடித்துக் காட்டியது. ஒவ்வொன்றாக அமுக்கினால் எல்லாமே கறுப்பு. மேலே பூட்டுப் படம், கீழே "ஸ்க்ராம்பிள்டு" என்று ஒரு வரி. டிவியில் கோளாறு என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்துவிட்டு, "டிவி நல்லாத்தான் இருக்கும்மா, சட்டம்தான் இப்படி" என்றேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "பே சேனலைப் பூட்டினா சரி தம்பி. தூர்தர்ஷனை எதுக்குப் பூட்டணும்?"

அந்தக் கேள்வியை உங்களிடம் தள்ளிவிடத்தான் இந்த மடல்.

கொஞ்சம் பழைய கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேபிள் வந்தபோது வீடுகளில் இருந்தவை எட்டு பட்டன், பன்னிரண்டு பட்டன் டிவிகள். சாலிடேர், டயனோரா எல்லாம் எங்கள் ஊர்ச் சரக்கு. முன்பக்க மூடியைத் திறந்தால் பட்டனுக்கு ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதைத் திருகித் திருகிப் படம் பிடிக்க வேண்டும். தூர்தர்ஷனுக்காகச் செய்த டியூனர் அது. கேபிள்காரர்கள் சேனல் கூடக்கூட இடம் போதாமல், பழைய டிவிக்கு எட்டாத இடைப்பட்ட அலைவரிசைகளிலும் அனுப்ப ஆரம்பித்தார்கள். அதைப் பிடிக்க வெளியே ஒரு கன்வெர்ட்டர் வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் டிவி கம்பெனிகளே விழித்துக்கொண்டு "கேபிள் ரெடி", "ஹைப்பர் பேண்ட்", "நூறு சேனல்" என்று அட்டையில் போட்டு விற்றார்கள். பழைய டிவிக்கு ஹைப்பர் பேண்ட் டியூனர் மாற்றிக் கொடுத்தே நான் ஒரு வருடம் வீட்டு வாடகை கட்டியிருக்கிறேன். மாற்றிக்கொண்டு போனவர் வீட்டில் பெட்டி ஒழிந்தது. வயர் நேரே டிவிக்குப் போனது, கையில் ஒரே ரிமோட். டிவி வாங்குவது ஒரு செலவு, மாதச் சந்தா ஒரு செலவு என்று கணக்கு அதோடு முடிந்தது.

2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் சிஏஎஸ் வந்தது, அதாவது சேனலைப் பூட்டி அனுப்பிப் பெட்டி வழியே திறக்கும் முறை. நான்கு பெருநகரங்களுக்கும் என்று சொன்ன திட்டம், உருப்படியாக நடந்தது எங்கள் ஊரில்தான். டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2006-இன் கடைசி நாளில்தான் தொடங்கியது. அன்றைக்குப் பெட்டி விலை மூவாயிரத்துக்கு மேல். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். இருந்தாலும் அந்தத் திட்டத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதை இன்றைக்கும் சொல்வேன். கட்டணச் சேனல்களுக்கு மட்டும்தான் பூட்டு. இலவசச் சேனல்கள் பழையபடியே பெட்டி இல்லாமல் டிவிக்கு நேரே வந்தன. காசு கொடுத்துப் பார்ப்பவர் பெட்டி வாங்கட்டும், மற்றவர் தன் டிவியிலேயே பார்க்கட்டும் என்பது யாருக்கும் புரிகிற கணக்கு. என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் இலவசச் சேனல்களோடு நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

அதை மாற்றியது 2011-இல் கேபிள் டிவி சட்டத்துக்கு நீங்கள் கொண்டுவந்த திருத்தம். எந்தச் சேனலாக இருந்தாலும், கட்டணமோ இலவசமோ, பூட்டப்பட்ட வடிவில் டிஜிட்டல் முறையில்தான் அனுப்ப வேண்டும் என்று ஆக்கினீர்கள். பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு. சென்னையில் வழக்குகளால் அது இழுத்துக்கொண்டே போனது வேறு கதை. நாட்டின் கடைசிக் கட்டமும் 2017 மார்ச்சோடு முடிந்தது. அதே சட்டத்தின் எட்டாவது பிரிவு தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிளில் கட்டாயம் காட்ட வேண்டும் என்கிறது. ஆக ஒரு பிரிவு கட்டாயம் காட்டு என்கிறது, இன்னொரு பிரிவு கட்டாயம் பூட்டு என்கிறது. மொட்டைமாடியில் ஒரு சின்ன டிஷ் வைத்து டிடி ஃப்ரீ டிஷ் எடுப்பவருக்கு டிடி தமிழ் மாதச் சந்தா இல்லாமல் வருகிறது. கேபிள் வயருக்குச் சந்தா கட்டுபவருக்கு அதே டிடி தமிழ் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. டீச்சரம்மாவுக்கு நான் இதை எப்படிப் புரியவைப்பேன்?

பூட்டியதற்குக் காரணம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அனலாக் காலத்தில் எங்கள் பக்கக் கேபிள்காரர்கள் இருக்கிற இணைப்பில் கால்வாசியைக்கூடக் கணக்கில் காட்டமாட்டார்கள். சேனல்காரருக்கும் பணம் போகவில்லை, அரசாங்கத்துக்கும் வரி போகவில்லை. பெட்டி வந்தால் ஒவ்வொரு வீடும் எண்ணிக்கையில் வந்துவிடும் என்று நினைத்தீர்கள், வந்தது. ஆனால் வீட்டை எண்ணுவதற்கு, தனித்தனிக் கம்பெனியின் தனித்தனிப் பெட்டி எதற்கு?

பெட்டிக்குள் நடப்பதை நான் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். அதைத் திறந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. வயர் வந்து இறங்கும் தகரக் கூடு ஒன்று, அதுதான் டியூனர். பக்கத்தில் படத்தை விரிக்கும் ஒரு சிப். ஒரு மெமரி. பவர் சப்ளை. சிலவற்றில் கார்டு செருகும் வாய், இப்போது வருகிற பலவற்றில் அதுவும் இல்லை. இவற்றில் டியூனரும் சிப்பும் மெமரியும் பவர் சப்ளையும் டீச்சரம்மாவின் டிவிக்குள் இதைவிட நல்ல தரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று, சாவி.

பூட்டுகூட ஆளுக்கொன்று இல்லை. இங்கே கேபிளிலும் டிஷ்ஷிலும் படத்தைக் கலைக்கும் முறை, ஐரோப்பாவில் தொண்ணூறுகளிலேயே எல்லாருக்கும் பொதுவாக வகுத்துக்கொண்டது. சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் ஒரு எண்ணை வைத்துப் படத்தைக் கலைக்கிறார்கள், அதே எண்ணை வைத்து வீட்டில் நேராக்குகிறார்கள். அந்த எண்ணை வீட்டுக்கு எப்படி ரகசியமாக அனுப்புவது, யாருக்கு அனுப்புவது, யாருக்கு நிறுத்துவது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். அந்த ஒரு வேலையை மட்டும் தனியாகப் பிரித்து, விரல் நீளத்தில் ஒரு செருகியாக்கி டிவியில் மாட்டிவிட்டால் மீதிப் பெட்டி தேவையே இல்லை. நான் கண்டுபிடித்துச் சொல்லும் விஷயம் இல்லை இது. ஐரோப்பாவில் 2002-ஆம் ஆண்டு உத்தரவிலேயே, 30 சென்டிமீட்டருக்கு மேல் திரை உள்ள டிஜிட்டல் டிவி எதுவானாலும் இப்படிச் செருக ஒரு பொது வாய் வைத்துத்தான் விற்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அங்கே விற்கும் கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. டிவியின் முதுகில் அந்த வாய் இருந்த இடம் வெறும் பிளாஸ்டிக் மூடியாக அடைபட்டிருப்பதைச் சில மாடல்களில் என் கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேபிளில் டிஜிட்டலாக வரும் படத்தை, சாதாரணப் பெட்டி அனலாக் ஆக்கி மஞ்சள் பின் வழியே அனுப்புகிறது. டிவி அதை வாங்கி மறுபடி டிஜிட்டல் ஆக்கிப் பெரிய திரைக்கு இழுக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறோம். முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய டிவியில் செய்தி வாசிப்பவரின் முகம் மாவு அப்பியதுபோல் தெரிகிறது. என்னைக் கூப்பிட்டு "பேனல் போயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். எச்டி பெட்டி வைத்து எச்டிஎம்ஐ வயர் போட்டால் சரியாகும்தான். அதற்கு இன்னொரு செலவு. டிவியை அணைத்தாலும் பெட்டியை யாரும் அணைப்பதில்லை. ஒரு நாள் பொழுதுபோகாமல் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ரிமோட்டில் ஆஃப் செய்த பெட்டி ஒன்று 7 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. வருடத்துக்கு அறுபது யூனிட் சொச்சம். எல்லாப் பெட்டியும் இப்படி என்று சொல்லவில்லை, என் மேசையில் இருந்தது இப்படி.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இணைப்பில் மழைக்காலம் முழுக்கப் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மூன்று முறை சொல்லியும் சரிசெய்யவில்லை. பெயர் வேண்டாம். வேறொருவரிடம் மாறினேன். பழைய பெட்டிக்குக் கட்டிய பணத்தைக் கேட்டபோது "அது ஆக்டிவேஷன் சார்ஜுங்க" என்றார்கள். கட்டியபோது அது பெட்டிக்கான பணம். திருப்பிக் கேட்டபோது அதன் பெயர் மாறிவிட்டது. அந்தப் பெட்டியும் இப்போது சாக்கில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலிலேயே கிடப்பவனுக்கு இந்தக் கதி என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். இணைப்பை மாற்றச் சட்டத்தில் தடை இல்லை. பெட்டிதான் காலைப் பிடித்து இழுக்கிறது.

அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள். சொல்வது உண்மை. ஆனால் ஏன் கைவிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். 1996-இல் போட்ட தொலைத்தொடர்புச் சட்டத்திலேயே, கேபிள் பெட்டியைக் கேபிள் கம்பெனி அல்லாதவர்களும் விற்க வழி செய்ய வேண்டும் என்று அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் எழுதிவைத்தது. அதைத் தொடர்ந்து, பெட்டி இல்லாமலே பூட்டிய சேனலைத் திறக்கும் டிவிகளுக்கான விதிகளை அவர்களுடைய தொலைத்தொடர்பு ஆணையம் நிறைவேற்றியது 2003 செப்டம்பர் 10. எங்கள் சென்னையில் பெட்டியைத் திணித்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது! "டிஜிட்டல் கேபிள் ரெடி" என்ற பெயரில் அந்த டிவிகள் கடைக்கும் வந்தன. கேபிள்கார்டு என்று ஒரு அட்டையைக் கம்பெனியிடம் வாங்கிச் செருகினால் போதும்.

அந்த அட்டையைத் தர வேண்டியவர் யார்? பெட்டியை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் அதே கேபிள் கம்பெனி. ஆட்டுக்கு ஓநாய் காவல். அட்டை போட்ட டிவியில், கேட்ட நேரத்தில் படம் போடும் வசதி வேலை செய்யவில்லை, ஏனென்றால் அது ஒருவழிப் பாதை. டிவி கம்பெனிகள் சில வருடத்தில் அந்த வாயை வைப்பதையே விட்டுவிட்டன. 2007 ஜூலை முதல் கேபிள் கம்பெனிகளின் சொந்தப் பெட்டியிலும் அதே அட்டைதான் இருக்க வேண்டும் என்று ஆணையம் பிடிவாதம் பிடித்துப் பார்த்தது. அந்த விதியையும் 2014-இல் காங்கிரஸே நீக்கிவிட்டது. 2020-இல் மிச்சமும் போனது. இடையில் 2016-இல் அதே ஆணையம் ஒரு கணக்கை எடுத்துக் காட்டியது. பெட்டி வாடகையாக ஒரு குடும்பம் சராசரியாக வருடத்துக்கு 231 டாலர் கட்டுகிறது. இலவசச் சேனல்களும் உள்ளூர்ச் சேனல்களும் அடங்கிய அடிப்படைத் தொகுப்பைப் பூட்டக்கூடாது என்று அங்கே நெடுநாள் விதி இருந்தது. டியூனர் உள்ள டிவி அதை நேராகவே காட்டும். முழுக்க டிஜிட்டலான கேபிள் கம்பெனிகள் அதையும் பூட்டலாம் என்று அனுமதித்தது 2012 அக்டோபரில். நம் பெருநகரங்களுக்கான கெடு முடிந்ததும் அதே மாதம். இரண்டு ஊரும் பேசிவைத்துக்கொண்டு செய்ததுபோல் இருக்கிறது, இல்லையா?

டிராய் தலைவர் அவர்களே, உங்கள் ஆணையத்துக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்துதான் 2020 ஏப்ரல் 11 அன்று ஒரு பரிந்துரை எழுதினீர்கள். செட்டாப் பாக்ஸ் எந்தக் கம்பெனியின் இணைப்பிலும் வேலை செய்ய வேண்டும், இந்தியாவில் விற்கும் டிஜிட்டல் டிவிகளில் பென்டிரைவ் செருகுவதுபோல் யுஎஸ்பி வழியே சாவி செருகும் வசதி கட்டாயம் வேண்டும் என்று சொன்னீர்கள். ஆறு மாத அவகாசம் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். என் வாழ்நாளில் டிராய் எழுதியவற்றில் எனக்கு முழுசாகப் புரிந்ததும் பிடித்ததும் அந்த ஒன்றுதான். ஊரடங்கு நேரம், கடை மூடிக் கிடந்தது. செய்தியைப் படித்துவிட்டு, இனி பெட்டி வேலை குறையும் என்று வீட்டில் சொன்னேன். ஆறு மாதம் போய் வருடங்களும் போய்விட்டன. என் கடைக்கு வருகிற புது டிவிகளில் அந்தச் செருகியைப் போட்ட ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

பரிந்துரை செய்வது டிராய், முடிவெடுப்பது அமைச்சகம் என்பதால்தான் மடலை இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் கை காட்டும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் சரக்கு இல்லாமல் இல்லை. டிஷ் பெட்டிகளில் பொதுச் செருகி வாய் வைக்க வேண்டும் என்ற விதி முன்பே இருந்தது. வாய் வைத்தார்கள், செருகிதான் கடையில் கிடைக்கவில்லை. கிடைத்தால் பெட்டியைவிட விலை அதிகம் என்றார்கள். இன்னொன்று, டிஷ் சிக்னலும் கேபிள் சிக்னலும் வேறு, ஒரே டியூனரில் இரண்டையும் பிடிக்க முடியாது. அதனால்தான் கேபிளுக்குள் கேபிள், டிஷ்ஷுக்குள் டிஷ் என்று பிரித்து நீங்களே எழுதினீர்கள், அது சரி. திருட்டைப் பற்றியும் சொல்வார்கள். பழைய வகைச் செருகியில், திறந்த படம் அப்படியே டிவிக்குள் போகும், நடுவில் உருவிக்கொள்ளலாம் என்ற பயம் நியாயமானது. அதற்காகத்தான் சிஐ பிளஸ் என்று, செருகிக்கும் டிவிக்கும் நடுவேயும் ஒரு பூட்டுப் போட்டார்கள். நீங்கள் 2020-இல் கேட்டது அந்த வகையைத்தான்.

திருட்டு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். "எல்லா சேனலும் ஃப்ரீயா வர்ற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்று என்னிடமும் ஆள் வரும். கடை வைத்த நாளிலிருந்து செய்ததில்லை. இந்த மடலும் அதற்காக இல்லை. சந்தா கட்டுகிறவன் தன் சொந்த டிவியில், தன் சொந்த டியூனரில் பார்க்கட்டும் என்பதுதான் கோரிக்கை.

யூடியூபும் ஓடிடியும் வந்தபிறகு கேபிளைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். என் மகனும் அப்படித்தான் கேட்டான். அவனுக்குக் கேபிள் வேண்டாம். ஆனால் அவனுடைய பாட்டிக்கு வேண்டும். இரண்டு ரிமோட்டில் எதை முதலில் அமுக்குவது என்று தெரியாமல், டிவி ரிமோட்டில் தவறான பட்டனைத் தொட்டு "நோ சிக்னல்" வந்துவிட்டால், யாராவது வரும்வரை நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். ஒரு நாளைக்கு எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். "அண்ணே, படம் வரல." போய் சோர்ஸ் பட்டனை இரண்டு தடவை அமுக்கிவிட்டு வருகிறேன். அதற்குக் கூலி வாங்க மனசு வருவதில்லை.

நான் கேட்பது இரண்டுதான். பெரியது, 2020 பரிந்துரையை அமைச்சகம் ஏற்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஏற்றால், இத்தனாம் தேதிக்குப் பிறகு செருகி வாய் இல்லாத டிவி விற்கக்கூடாது என்று ஒரு தேதி போடுங்கள். அந்தச் செருகி கேபிள் கம்பெனியிடம் மட்டும் கிடைக்கும் பொருளாக இருக்கக்கூடாது, என் போன்றவர்களின் கடையிலும் பல்பு, அடாப்டர் மாதிரி தொங்க வேண்டும். அமெரிக்கக்காரர்கள் வழுக்கி விழுந்தது அந்த இடத்தில்தான்.

சின்னது உடனே செய்யக்கூடியது. சட்டம் கட்டாயம் காட்டச் சொல்லும் தூர்தர்ஷன் சேனல்களையாவது கேபிளில் பூட்டாமல் அனுப்ப விடுங்கள். டியூனர் உள்ள டிவியில் வயரைத் திருகினால் அவை வரட்டும். 2023 ஜனவரியில், டிஷ்ஷை நேராகச் செருகினால் இலவசச் சேனல்கள் வரும்படி சாட்டிலைட் டியூனர் உள்ள டிவிக்கான தரத்தை இந்தியத் தரநிர்ணய அமைவனம் வெளியிட்டது. டிஷ்ஷுக்குப் பெட்டி வேண்டாம் என்று யோசித்தவர்களுக்குக் கேபிளுக்கும் யோசிக்க முடியும் அல்லவா?

வரும் வாரம் டீச்சரம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. சுவரில் பெட்டிக்குப் பலகை அடிக்கக் கூப்பிட்டிருக்கிறார். தூர்தர்ஷன் விஷயத்தில் ஏதாவது முடிவு எடுத்தால் சொல்லுங்கள், துளை போடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்
வடசென்னை